ஒட்டுக்குள் போன ஓடை

மைதாப் பசை காய்ச்சுவது ஜெயசுதாவின் வேலை. ஒரு டம்ளர் மாவுக்கு நாலு டம்ளர் தண்ணீர். கட்டி தட்டாமல் கிண்டி, பளபளப்பு வந்ததும் இறக்கி, பழைய பிளாஸ்டிக் மக்கில் ஊற்றி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். போடாவிட்டால் கரப்பான் வந்து மலையையே தின்றுவிடும் என்பாள்.

மலை என்று அவள் சொன்னது கல்வராயன் மலையின் வரைபடத்தை. கணவர் சிவசங்கர் கம்ப்யூட்டரில் சாட்டிலைட் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து, ஜெராக்ஸ் கடையில் நாலு தாள்களாக அச்செடுத்துக்கொண்டு வருவார். பழைய வேட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, நாலு தாள்களையும் பக்கம் சேர்த்து அதன்மேல் ஒட்டி, காய்ந்ததும் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பாள் ஜெயசுதா. பின்னால் துணி இருந்தால் மடிப்பில் கிழியாது. ஆறு வருடம் இப்படி நடந்தது. சிவசங்கரின் நல்ல வேட்டிகள் நாலைந்து இதில் போயின.

சிவசங்கர் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்கு நடக்கப் போவார். கோர்ட்டு குமாஸ்தா, உரக்கடைக்காரர், ரிட்டயரான வங்கிக்காரர் என்று கலவையான கூட்டம். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: போனில் லொக்கேஷன் போடக் கூடாது.

"நீலப் புள்ளிய பாத்துக்கினே நடக்கிறவனுக்கு கண்ணு எதுக்குங்க?" என்பார். கையில் காகிதம் இருக்க வேண்டும். ஓடைகளை எண்ண வேண்டும். கோயில், பாறை, குடியிருப்பு என்று ஒவ்வொன்றையும் தாளில் தொட்டுவிட்டுத் தரையில் பார்க்க வேண்டும். அதே வரைபடம் படமாக அவர் போனிலும் கிடந்தது. சந்தேகம் வந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ள. சந்தேகம் அவருக்கு அதிகம் வந்ததில்லை.

உரக்கடை தங்கமணி மட்டும் அவ்வப்போது வாயைக் கொடுப்பார். "சாரே, நாம எங்க இருக்கிறோம்னு நமக்கு தெரியுது. மேப்புக்குத்தான் தெரியல போலக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். சிவசங்கரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

ஜெயசுதா பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், கரும்பு போடுகிற வீட்டில். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதால் தையல் கற்றுக்கொண்டாள். இருபத்தொரு வயதில் கல்யாணம். வாசலை ஒட்டிய அறையில் மெஷினைப் போட்டு, அன்றிலிருந்து மூன்று தெருக்களின் ரவிக்கைகளை அவள்தான் தைக்கிறாள். ஒரு தடவை தைத்ததைப் பிரித்துத் தைத்ததாகச் சரித்திரம் இல்லை. அளவு விஷயத்தில் வாடிக்கைக்காரிகள் யாரும் அவளிடம் வாதாட மாட்டார்கள். வாதாடியவர்கள் இறுக்கமான ரவிக்கையோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

மலையில் அவள் நடந்ததில்லை. ஒரு தடவை கேட்டபோது, "பொம்பளைங்க வந்தா ஒதுங்க எடம் தேடணும், அது ஒரு ரோதன" என்று சிவசங்கர் சொல்லிவிட்டார். ஆனால் மலையிலுள்ள குடியிருப்புகளின் பெயர்கள், எது எதற்குக் கிழக்கே, எந்த ஓடை எதில் போய்ச் சேர்கிறது எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனபோது, அடுத்து வரப்போகிற ஊரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண், "எந்த ஊட்டு மருமவ நீ?" என்று கேட்டாள்.

போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிவசங்கர் புதிதாக ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். ஆன்லைனில் வாங்கியது. வரைபடத்தை மடித்து உள்ளே வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், மழை உள்ளே இறங்காது. நாலு தாள்களும் தயாராக இருந்தன. வேட்டி விரித்திருந்தது. பசை ஆறிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தால், ஒட்டி மூன்றாக மடித்தாலும் வரைபடம் உறைக்குள் போகாது. மொத்த அகலத்தில் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது.

"ஓரத்துல வெட்டிடலாங்க" என்றாள் ஜெயசுதா.

"ஓரத்துல ஊர் பேரெல்லாம் இருக்குது. நடுவுல கொஞ்சம் ஏத்தி ஒட்டு."

அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். துணியில் இரண்டு துண்டை இணைத்தால், தையலுக்குள் போகிற அளவு காணாமல் போய்விடும். அதனால்தான் தையலுக்கு விட்டு வெட்டுகிறோம். இந்தத் தாள்களில் அப்படி எதுவும் விடவில்லை. ஒன்றின் படம் முடிகிற இடத்தில் அடுத்ததன் படம் தொடங்குகிறது. வெள்ளை ஓரத்தின்மேல் மட்டும்தான் இவ்வளவு நாளும் ஏற்றி ஒட்டியிருக்கிறாள்.

"ஏத்தினா நடுவுல ஒரு வெரக்கட உள்ள போய்டும்."

"போவட்டும். அங்க இன்னா இருக்குது? காடு."

"நீலமா ஒரு கோடு ஓடுதுங்க. தோ, மேலேர்ந்து கீழ வரைக்கும்." அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"அது பாதி வருசம் தண்ணியே இல்லாத ஓடை. ஜாக்கெட்டா தைக்கிற, அக்குள் புடிக்கும்னு பயப்பட? ஒட்டு சுதா."

ஒட்டினாள். பல்லி வாலளவு கூட நீலம் வெளியே தெரியாமல், நேராக, சுருக்கமில்லாமல், எப்போதும் போலச் சுத்தமாக ஒட்டினாள். மறுநாள் இஸ்திரி போட்டாள். சிவசங்கர் அதைப் பார்த்துத்தான் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் வழி எழுதினார்: மூன்றாவது ஓடையைத் தாண்டியதும் வலப்பக்கம் இறக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவளுடைய தம்பி அறிவுச்செல்வன் லோடு வண்டியோடு வந்தான். அவன் நடக்க வந்தவன் இல்லை. கோர்ட்டு குமாஸ்தாவின் கார் பழுதாகிவிட்டதால் ஆள் ஏற்ற வண்டி தேவைப்பட்டது. மாமா கேட்டார், வந்தான். ஊரில் கரும்பும், அந்த வண்டியும்தான் அவன் பிழைப்பு. அவனுக்கு நாலு இட்லி வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிவசங்கர் புது உறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, "வந்ததே வந்துட்ட, வண்டிய அடிவாரத்துல போட்டுட்டு நீயும் நட அறிவு. தொப்ப கம்மியாவும்" என்றார்.

"எனக்கு எதுக்கு மாமா? நான் சீட்ல படுத்துக்கினு இருக்கேன்."

"நடடா. பொண்டாட்டி ஆச்சரியப்படட்டும்."

ஜெயசுதா தம்பிக்குச் சட்னி ஊற்றினாள். உறைக்குள் வரைபடம் தெரிந்தது. நடுவில் ஒட்டும் தெரிந்தது.

பிறகு நடந்ததை அவள் தங்கமணி சொல்லித்தான் அறிந்தாள். நாலு நாள் பெய்த மழையில் எல்லா ஓடைகளிலும் தண்ணீர் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணியிருக்கிறார்கள். மூன்றாவதைத் தாண்டியதும் வலப்பக்கம் இறங்கியிருக்கிறார்கள். வழி மாதிரித்தான் இருந்ததாம். கொஞ்ச தூரத்தில் தேய்ந்து, பாசி பிடித்த பாறைச் சரிவில் முடிந்துவிட்டது. முன்னால் போனவன் அறிவுச்செல்வன். அவன் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

இரண்டு ஆள் உயரம் விழுந்தான். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. சத்தம் கேட்டு மேலே சாமைக் கொல்லையில் இருந்த மாயவன் என்ற மலைக்காரர் ஓடி வந்தார். வந்தவர் கீழே கிடந்தவனைப் பார்த்தார், நின்றவர்களைப் பார்த்தார்.

"இங்க ஏன் எறங்கினீங்க? அடுத்த ஓடைய தாண்டித்தானே வழி இருக்குது. மேல நான் கண்ணு முன்னால நிக்கிறேன், ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

சிவசங்கர் போனை எடுத்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் அந்த இறக்கத்துக்கு முன்னால் நாலு ஓடை இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதைத் தங்கமணி பார்த்தார். மாயவனும் அவர் ஊர்க்காரர்கள் ஐந்து பேரும் ஜமக்காளத்தை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அறிவின் மனைவி சந்தியா தலைவிரி கோலமாக நின்றாள். உள்ளே அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "எப்பிடிண்ணா? மேப்பு இருந்துச்சே, எப்பிடி வழி தப்பும்?" என்று கேட்டாள்.

சிவசங்கர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "வூட்ல ஒட்டும்போது ஒரு பீஸ் உள்ள மறைஞ்சி போச்சும்மா. சுதாவுக்கு இன்னா தெரியும், பாவம்."

ஜெயசுதா வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். அந்தப் 'பாவம்' அவள் காதில் தெளிவாக விழுந்தது. சந்தியா திரும்பி அவளைப் பார்த்தாள். தம்பி உள்ளே கிடக்கும்போது, நான் சொன்னேன் நீ சொன்னாய் என்று வராந்தாவில் நின்று பேச முடியுமா? பிளாஸ்க்கைத் திறந்து சந்தியாவுக்கு வெந்நீர் ஊற்றினாள். சந்தியா வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அதைச் சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை. அறிவின் இடது கால் ஒரு இஞ்ச் குட்டையாகி நின்றது. கிளட்ச் மிதிக்க முடியாது. வண்டியை விற்றான். கரும்பைக் குத்தகைக்கு விட்டான். ஜெயசுதா பார்க்கப் போனால் சந்தியா தண்ணீர் கொடுப்பாள், பேச மாட்டாள். தீபாவளிக்கு ஜெயசுதா எடுத்துக் கொடுத்த புடவை, பொங்கலுக்கு வேறு யார் இடுப்பிலோ இருந்தது. சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. திருநாவலூர் கோயிலில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது, பெரியப்பா வீட்டு மருமகள் ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம், "கோந்து ஒட்டினவங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கேட்கிற அளவுக்கு மெதுவாக.

வீட்டில் அவள் ஒரு தடவை கேட்டாள். "நான் சொன்னேனா இல்லியா?"

"இப்ப அத பேசி அவன் காலு நீளமாவப் போவுதா?" என்றார் சிவசங்கர்.

நாலு மாதம் நடை நிறுத்தப்பட்டது. பிறகு தொடங்கிவிட்டது. உறை மாறியது. தங்கமணி மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தை மாதம் அறிவின் மகள் தனுஷா பெரிய மனுஷியானாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தார்கள். அந்தக் குடும்பத்தில் பெண்ணின் தலையில் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். அறிவுக்குக் கூடப் பிறந்தவள் ஜெயசுதா ஒருத்திதான். தனுஷா பிறந்த அன்றே, இவளுக்குத் தண்ணி ஊத்தப் போறவ நான்தான் என்று சொல்லிக்கொண்டு குழந்தையைக் கையில் வாங்கியவள் அவள். சந்தியா போன் செய்தாள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அண்ணி. குடும்பத்தோட வந்துடுங்க."

"வராம? நான் முந்தின நாளே வந்துடறேன். மஞ்சள நானே அரைச்சி எடுத்தாரேன்."

"தண்ணி ஊத்துறதுக்கு குஞ்சம்மா அக்காவ சொல்லியாச்சி அண்ணி. சித்தப்பா பொண்ணுன்னாலும் அதுவும் அத்ததானே. நீங்க வந்து நின்னா போதும்."

அன்றிலிருந்து நாலு நாளும் ஜெயசுதா கணவரிடம் ஒன்றைத்தான் கேட்டாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வேணாம்னு சொன்னேன், நீங்கதான் ஏத்தி ஒட்டச் சொன்னீங்கன்னு. அறிவுகிட்ட சொன்னா போதும். ஊருக்கு சொல்ல வாணாம்."

"சொல்லலாம், சொல்லலாம்."

"எப்ப?"

"போவும்போது பாத்துக்கலாம். எடுத்த ஒடனே அத ஆரம்பிக்க முடியுமா? பேச்சு வாக்குல வரணும்."

விசேஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருவரும் தியாகதுருகம் பஸ்ஸில் ஏறினார்கள். மடியில் பழப்பை. சிவசங்கர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, புது ரோடு போடுகிறார்கள் என்றார், இந்த வருசம் மழை ஜாஸ்தி என்றார்.

அறிவு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. கட்டில்மேல் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. உள்ளறைக் கதவு இடுக்கில் தனுஷாவின் ஒரு கண் தெரிந்தது. "அத்த" என்றது, உடனே மறைந்தது.

"வாங்கண்ணா" என்றாள் சந்தியா. பிறகு, "வாங்க அண்ணி."

காபி வந்தது. சிவசங்கர் கரும்பு விலையைப் பேசினார், பந்தல்காரனைப் பற்றிப் பேசினார், காலுக்கு உயரம் வைத்த செருப்பு சேலத்தில் நன்றாகச் செய்கிறார்கள் என்றார். பேச்சுவாக்கு எங்கெங்கோ போயிற்று. அது வர வேண்டிய பக்கம் மட்டும் வரவில்லை. ஜெயசுதா அவரைப் பார்த்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார்.

அறிவுதான் ஆரம்பித்தான். "அக்கா, அந்த தண்ணி ஊத்துற விசயம். குஞ்சம்மா எதுக்கு? சொந்த அக்கா நீ இருக்கிற. நீதான் ஊத்தணும். இவகிட்ட நான் சொல்லிட்டேன்."

"உங்க காலு, உங்க அக்கா. நான் இன்னா சொல்றது" என்றாள் சந்தியா.

"இதையே எத்தினி நாளைக்கி புடிச்சிக்கினு இருப்ப? அது தெரியாம ஒட்டினதுதானே. ரவிக்க தைக்கிற பொம்பள, மேப்பு எப்பிடின்னு அதுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சி செய்யுமா, கூடப் பொறந்தவனுக்கு?"

"அதான், அதான்" என்றார் சிவசங்கர். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "காபி பிரமாதம் சந்தியா."

முதல் சொம்பு அவளுக்குக் கிடைத்துவிட்டது. சந்தியாகூட, "சரி அண்ணி, முந்தின நாளே வந்துடுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜெயசுதா மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, எந்தப் புடவை கட்டுவது என்று பேசியிருக்கலாம். தெரியாதவள் என்ற பெயரோடு அந்தச் சொம்பைத் தூக்கியிருக்கலாம். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியாம ஒட்டல அறிவு."

"இன்னா?"

"ஏத்தி ஒட்டச் சொன்னது இவரு. ஓடை உள்ள போவுதுன்னு நான் சொன்னேன். வெரல வச்சி காட்டினேன். பரவால்ல ஒட்டுன்னாரு. ஆஸ்பத்திரில எனக்கு இன்னா தெரியும்னு சொன்னாரே, எனக்கு தெரியும். எனக்குத்தான் தெரியும்."

சந்தியா தட்டோடு நின்றுவிட்டாள். "இன்னாண்ணா இது?"

சிவசங்கர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியிருப்பா. எனக்கு ஞாபகம் இல்லம்மா. பொய் சொல்றான்னு நான் சொல்லல. ஞாபகம் இல்ல, அவ்ளோதான்."

ஜெயசுதா சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை. ஆனாலும் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. தம்பி இனி மாமாவைக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் மாமாவைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி காலையில உன் வூட்ல இட்லி சாப்ட்டேன்."

"ஆமா."

"மேப்பு மாமா கழுத்துல தொங்கிக்கினு இருந்துச்சி. என்ன நடக்க வான்னு கூப்ட்டாரு. நீ பக்கத்துல நின்னு சட்னி ஊத்திக்கினு இருந்த."

"ஆமாடா."

"இத்தினி நாளா இவகிட்ட சண்ட போட்டேன், எங்கக்காவுக்கு தெரியாதுன்னு. தெனம் போட்டேன். உனக்கு தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "தெரிஞ்சிக்கினு ஏன்க்கா என்ன அனுப்பின? வாணான்டான்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

அவளுக்குக் காரணம் தெரியும். தம்பி முன்னால் கணவரைத் திருத்தக் கூடாது என்று நினைத்தாள். சொன்னால், பொண்டாட்டி என் மேப்பைக் குறை சொல்கிறாள் என்று நடக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லி அவர் சிரித்திருப்பார், பிறகு ஒரு வாரம் பேச மாட்டார். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து சட்னி ஊற்றினாள். அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சின்னக் காரணத்தை அந்தக் காலுக்கு முன்னால் எப்படி எடுத்து வைப்பது?



சந்தியா சீர்த்தட்டுகளை நேராக அடுக்க ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. சிவசங்கர், "அறிவு, இங்க பாரு, பழச" என்று தொடங்கினார். யாரும் கேட்காததால் அவராகவே நிறுத்திக்கொண்டார்.

அறிவு கைத்தடியை எடுத்தான். எழுந்திருக்க முதல் தடவை முடியவில்லை. பிடிக்க வந்த சிவசங்கரின் கையை முழங்கையால் தள்ளிவிட்டு, இரண்டாவது தடவை எழுந்தான். ஒரு நிமிடம் அக்கா எதிரில் நின்றான். பதில் வரும் என்றுதான் நின்றான். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வெளியே வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனான்.